கடையில் வாங்கலாம், ஆனால் ஓட்டலாமா? அமெரிக்காவுக்குப் புதிதாக வந்தவர்களுக்குக் கஞ்சாவும் கார் சட்டமும்

எனக்குத் தெரிந்த ஒரு பையன், நண்பரின் தம்பி, கொலராடோவில் எம்.எஸ். படித்துக்கொண்டிருந்தான். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ரூம்மேட் கொடுத்த, கஞ்சா கலந்த கம்மி மிட்டாய் ஒன்றைச் சாப்பிட்டான். கடையில் ரசீது போட்டு வாங்கியது, வயதும் 21 தாண்டியவன், எல்லாம் சட்டப்படி. இரண்டு மணி நேரம் கழித்து, ஒன்றும் ஏறவில்லை என்று நினைத்துப் பால் வாங்கக் காரை எடுத்தான். பின்விளக்கு ஒன்று எரியவில்லை என்று போலீஸ் நிறுத்தியது. அன்றிரவு அவனைக் கைது செய்து, கைரேகை எடுத்து, விட்டுவிட்டார்கள். வழக்கு பிறகு சின்னக் குற்றமாகக் குறைந்தது. ஆனால் வழக்கு முடிவதற்கு முன்பே, கைதான சில வாரங்களில், அவனுடைய விசா ரத்து என்று மின்னஞ்சல் வந்துவிட்டது. மதுரையில் நடந்த அக்கா கல்யாணத்துக்கு அவன் போகவில்லை. போனால் திரும்பி வர முடியுமா என்று யாராலும் உறுதி சொல்ல முடியவில்லை.

இந்தக் கட்டுரை அவனை மாதிரி வந்தவர்களுக்கு. கஞ்சா நல்லதா கெட்டதா என்று இங்கே பேசப்போவதில்லை, அதை நீங்கள் முடிவு செய்துகொள்ளுங்கள். நான் வக்கீல் இல்லை, இங்கே பல வருடமாகக் கார் ஓட்டுகிறவன், இந்தப் பையனின் வழக்குக்காக ஓடி அலைந்ததில் நிறையத் தெரிந்துகொண்டவன். உங்கள் வழக்கு என்று ஒன்று வந்துவிட்டால் வக்கீல் சொல்வதைக் கேளுங்கள், நான் எழுதியதை அல்ல.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள்

24 மாநிலங்களிலும் தலைநகர் வாஷிங்டன் டி.சி.யிலும் 21 வயது நிரம்பியவர்கள் கஞ்சா வைத்திருப்பது குற்றமில்லை. ஆனால் போதையில் கார் ஓட்டுவது 50 மாநிலங்களிலும் குற்றம், ஒன்றுகூட விதிவிலக்கில்லை. டாக்டர் எழுதிக் கொடுத்த மருத்துவக் கஞ்சா அட்டை இருந்தாலும் போதையில் ஓட்டினால் அந்த அட்டை காப்பாற்றாது. அப்புறம் மத்திய அரசுச் சட்டம் தனி. 1970-இல் வந்த கட்டுப்படுத்தப்பட்ட பொருட்கள் சட்டத்தின் கீழ், மாநிலம் என்ன சொன்னாலும், கடையில் வாங்கிப் பயன்படுத்தும் இந்தக் கஞ்சா மத்திய அரசின் கண்ணில் குற்றம்தான். உங்கள் விசா, கிரீன் கார்டு, குடியுரிமை எல்லாம் அந்த மத்திய அரசின் கையில் இருக்கிறது. குடியுரிமை உள்ளவருக்கும் நமக்கும் இருக்கும் வித்தியாசம் இதுதான், பக்கத்து வீட்டு அமெரிக்கர் செய்வதைப் பார்த்து நாமும் செய்யலாம் என்று கணக்குப் போடக் கூடாது என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதும் இதனால்தான்.

ஊரில் நமக்குப் பழக்கமான சோதனை, ராத்திரி ரோட்டோரம் நிறுத்தி “ஊது” என்பது. மதுவுக்கு இங்கேயும் அப்படி ஒரு கருவி உண்டு, அளவும் உண்டு: ரத்தத்தில் 0.08 சதவீதம், யூட்டாவில் மட்டும் 0.05. கஞ்சாவுக்கு அப்படி எல்லா மாநிலமும் ஒப்புக்கொண்ட ஊதும் கருவி கிடையாது, ஒரே அளவும் கிடையாது. அதனால்தான் ஒவ்வொரு மாநிலமும் ஒவ்வொரு வழியில் சட்டம் போட்டிருக்கிறது. போதையில் ஓட்டும் குற்றத்தின் பெயர்கூட ஒன்றாக இல்லை. கலிபோர்னியாவில் டியூஐ, டெக்சாஸில் டிடபிள்யூஐ, ஒஹையோவில் ஓவிஐ, மிச்சிகனிலும் விஸ்கான்சினிலும் ஓடபிள்யூஐ, மாசசூசெட்ஸில் ஓயூஐ. விண்ணப்பப் படிவத்தில் “உங்கள் மேல் டியூஐ உண்டா” என்று கேட்டால், என் மேல் இருப்பது ஓவிஐ தானே என்று இல்லை போட்டுவிடாதீர்கள், எல்லாம் ஒரே குற்றம்தான்.

படி 1: உங்கள் மாநிலம் எந்த ரகம் என்று பாருங்கள்

மூன்று ரகம் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஒன்று, ரத்தத்தில் இவ்வளவு இருந்தால் குற்றம் என்று எண் போட்ட மாநிலங்கள். வாஷிங்டன் மாநிலத்தில், ஓட்டிய 2 மணி நேரத்துக்குள் எடுத்த ரத்தத்தில் மில்லிலிட்டருக்கு 5 நானோகிராம் டிஎச்சி இருந்தால் குற்றம், நீங்கள் எவ்வளவு நன்றாக ஓட்டினீர்கள் என்ற பேச்சே இல்லை. டிஎச்சி என்பதுதான் கஞ்சாவில் போதை தரும் பொருள். 21 வயதுக்குக் கீழே என்றால் அங்கே 0-க்கு மேல் எது இருந்தாலும் குற்றம். இல்லினாய்ஸிலும் மொன்டானாவிலும் அதே 5. ஒஹையோ இன்னும் கடுமை, 2 நானோகிராம்தான். 2023 நவம்பரில் ஓட்டுப்போட்டுக் கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கிய மாநிலம் அது, ஆனால் கஞ்சா சட்டபூர்வம் ஆனதால் கார் சட்டம் தளர்ந்துவிடவில்லை. கொலராடோவும் 5 என்றுதான் எழுதியிருக்கிறது, ஆனால் அங்கே 5 இருந்தால் போதையில் இருந்தார் என்று நீதிமன்றம் ஊகிக்கலாம், நீங்கள் மறுத்து வாதாடலாம். அதே சமயம் 5-க்குக் கீழே இருந்தால் தப்பித்தோம் என்பதும் இல்லை, கொலராடோவில் இன்னொரு சின்னக் குற்றம் இருக்கிறது, ஓட்டும் திறன் துளியளவு குறைந்திருந்தாலே போதும், அதில் மாட்டலாம்.

இரண்டு, துளி இருந்தாலும் குற்றம் என்கிற மாநிலங்கள். இங்கேதான் நம்மவர்கள் தெரியாமல் மாட்டுகிறார்கள், அதனால் பென்சில்வேனியாவைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். அங்கே ரத்தத்தில் டிஎச்சி மட்டுமில்லை, டிஎச்சியை உடம்பு உடைத்த பிறகு மிஞ்சும் கழிவுப் பொருள் இருந்தாலும் டியூஐ. அந்தக் கழிவுக்குப் போதை கிடையாது. போதை இறங்கி நாட்கணக்கில் ஆன பிறகும் அது உடம்பில் இருக்கும். இப்போது யோசித்துப் பாருங்கள்: நியூ ஜெர்சியில் 2022 ஏப்ரலிலிருந்து கடையில் விற்கிறார்கள். எடிசனில் இருக்கிற ஒருவர் வெள்ளிக்கிழமை ராத்திரி வீட்டில் உட்கார்ந்து புகைக்கிறார், தூங்கி எழுகிறார், ஞாயிற்றுக்கிழமை தெளிந்த தலையோடு டெலவேர் ஆற்றுப் பாலத்தைத் தாண்டி பிலடெல்பியாவுக்குள் போகிறார், அங்கே ஒரு சின்ன விபத்து, ரத்தம் எடுக்கிறார்கள். டியூஐ. அதுவும் போதைப்பொருள் டியூஐ என்பதால் முதல் தடவைக்கே உச்ச அடுக்கு தண்டனை: குறைந்தது 72 மணி நேரம் சிறை, 1,000 டாலரிலிருந்து 5,000 டாலர் வரை அபராதம், 12 மாதம் லைசென்ஸ் இல்லை. முதல் தடவை மாட்டுகிறவர்களுக்கு ஒரு மாற்றுத் திட்டம் அங்கே இருக்கிறது, பலருக்கு அது கிடைக்கவும் கிடைக்கிறது, ஆனால் அது கிடைக்குமா என்பது உங்கள் கையில் இல்லை. ஒஹையோவிலிருந்து பிட்ஸ்பர்க் பெருமாள் கோயிலுக்குக் குடும்பத்தோடு போகிறவர்களும் இதே எல்லையைத்தான் தாண்டுகிறீர்கள். விஸ்கான்சினிலும் ரத்தத்தில் டிஎச்சி கண்டுபிடிக்கும் அளவு இருந்தாலே போதும்.

மூன்றாவது ரகத்தில் எண் எதுவும் இல்லை, நீங்கள் பாதிக்கப்பட்ட நிலையில் ஓட்டினீர்கள் என்று அரசு நிரூபிக்க வேண்டும். கலிபோர்னியா, நியூயார்க், நியூ ஜெர்சி, மாசசூசெட்ஸ், டெக்சாஸ் எல்லாம் இதில் வரும். அரிசோனா முன்பு இரண்டாவது ரகத்தில் இருந்தது, 2020-இல் மக்கள் ஓட்டுப்போட்டு மாற்றினார்கள், இப்போது துளியளவாவது திறன் குறைந்திருந்தது என்று காட்ட வேண்டும். எண் இல்லையென்றால் தப்பிப்பது சுலபம் என்று நினைக்காதீர்கள். போலீஸ்காரர் பார்த்தது, கேட்டது, சட்டையில் மாட்டிய கேமராவில் பதிந்தது, நீங்கள் வாய்விட்டுச் சொன்னது, எல்லாம் சாட்சிதான். டெக்சாஸ் சட்டம், உடலோ மனமோ வழக்கமான இயக்கத்தை இழந்திருந்தால் போதும் என்கிறது. முதல் தடவைக்கு 72 மணி நேரத்திலிருந்து 180 நாள் வரை சிறை, 2,000 டாலர் வரை அபராதம்.

டெக்சாஸ்காரர்களுக்குத் தனியாக ஒன்று, டாலஸிலும் ஹூஸ்டனிலும் நம்மவர்கள் நிறைய இருப்பதால். அங்கே கஞ்சா இலையைக் கொஞ்சமாக வைத்திருந்தால் சிறு குற்றம். ஆனால் கஞ்சா எண்ணெயை ஆவியாக்கி இழுக்கும் வேப் பேனாவும், டிஎச்சி பிழிந்து செய்த எடிபிள் என்கிற தின்பண்டமும் ஒரு கிராமுக்குக் குறைவாக இருந்தாலும் பெருங்குற்றம். கலிபோர்னியாவில் சட்டப்படி வாங்கிய பேனாவைப் பையில் மறந்து டெக்சாஸில் கார் ஓட்டுகிறவர், டியூஐ இல்லாமலேயே பெருங்குற்றத்தில் மாட்டலாம். வீடு மாறிப் போகிறவர்கள் சாமான் கட்டும்போது இதைத் தேடிப் பாருங்கள்.

படி 2: நேரக் கணக்கு

இந்தியாவிலிருந்து வந்த பலருக்குக் கஞ்சா என்றால் புகைதான். இங்கே முதலில் கைக்கு வருவது பெரும்பாலும் கம்மி, பிஸ்கட், சாக்லேட். புகைத்தால் சில நிமிடத்தில் ரத்தத்தில் உச்சத்துக்குப் போய், பிறகு வேகமாக இறங்கும். சாப்பிட்டால் அப்படி இல்லை. அரை மணியிலிருந்து 2 மணி நேரம் வரை ஒன்றுமே தெரியாது, அப்புறம்தான் ஏறும், மணிக்கணக்கில் நிற்கும். ஏறவில்லையே என்று இன்னொன்றைப் போட்டுக்கொள்வதும், ஏறவில்லையே என்று காரை எடுப்பதும் ஒரே தவறின் இரண்டு முகம். நான் முதலில் சொன்ன பையன் செய்தது இரண்டாவது. அவன் கிளம்பியபோது உண்மையாகவே நன்றாக இருந்திருக்கிறான், பாதி வழியில்தான் ஏறியிருக்கிறது.

கொலராடோவிலும் கலிபோர்னியாவிலும் ஒரு வேளை அளவு 10 மில்லிகிராம் டிஎச்சி, ஒரு பொட்டலத்தில் 100 மில்லிகிராம் வரை இருக்கலாம். அதாவது கைக்கு அடங்கும் ஒரு டப்பாவில் பத்து வேளை. கொலராடோ பொதுச் சுகாதாரத் துறை சொல்லும் கணக்கு, கொஞ்ச அளவு புகைத்தால் குறைந்தது 6 மணி நேரம், சாப்பிட்டாலோ குடித்தாலோ குறைந்தது 8 மணி நேரம் காரைத் தொடக் கூடாது. அது ஆரோக்கியத்துக்கான கணக்கு, சட்டத்துக்கான கணக்கு அல்ல, இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அடிக்கடி பயன்படுத்துகிறவர்களுக்கு, நிறுத்தி ஒரு நாளுக்கு மேல் ஆன பிறகும் ரத்தத்தில் 2 நானோகிராமுக்கு மேல் நிற்கலாம். எப்போதாவது ஒருமுறை பயன்படுத்தும் ஒருவர் நல்ல போதையில் இருக்கும்போதே 5-க்குக் கீழே இறங்கியிருக்கலாம். ஏஏஏ மோட்டார் சங்கத்தின் பாதுகாப்பு அறக்கட்டளை 2016-இலேயே, இந்த எண்களுக்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று ஆய்வு செய்து சொன்னது. அது உண்மைதான், ஆனால் சட்டம் இன்னும் அப்படியே இருக்கிறது. மாட்டிய பிறகு வக்கீல் வாதாட அது உதவும், மாட்டாமல் இருக்க உதவாது.

என் யோசனை எளிது. அன்றைக்கு எங்கேயும் போக வேண்டியதில்லை என்ற நாளில் மட்டும், சாவியை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு. வெளியே என்றால் போக வர ஊபர், லிஃப்ட் மாதிரி வாடகைக் கார். வருகிறபோது கார் எதற்கு, போகிறபோதே காரை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள், ஏனென்றால் கார் அங்கே நின்றால் ராத்திரி பதினொரு மணிக்கு அதை எடுத்து வரத்தான் மனம் சொல்லும். பீர் ஒன்று, கம்மி ஒன்று என்று கலந்தால் இரண்டும் சேர்ந்து பாதிப்பு கூடும், மதுவின் அளவு 0.08-க்குக் கீழே இருந்தாலும் சேர்த்து வழக்குப் போடலாம்.

பெட்ரோல் பங்க்கில் விற்கும் டெல்டா-8 என்கிற இன்னொரு வகை டிஎச்சி, “சணல்” (ஹெம்ப்) என்று எழுதிய கம்மி இவற்றையும் இதே கணக்கில் வையுங்கள். 2018-இல் வந்த விவசாயச் சட்டத்தால் கடைக்கு வந்த சரக்கு இது. கஞ்சாச் செடியிலிருந்து எடுக்கும், போதை தராத சிபிடி எண்ணெய் என்று அம்மாவின் முட்டிவலிக்கு வாங்குவதிலும் சில சமயம் டிஎச்சி கலந்திருக்கும். துளிக்கும் தண்டனை தருகிற மாநிலத்தில் இது பெரிய விஷயம்.

படி 3: காருக்குள் எங்கே வைப்பது

டிக்கியில். சீல் பிரிக்காமல். இவ்வளவுதான். டேஷ்போர்டு அறையில் வேண்டாம், கதவுப் பையில் வேண்டாம், கைப்பையில் வேண்டாம். கலிபோர்னியாவில் பிரித்த டப்பா ஓட்டுநர் பக்கத்தில் இருந்தால் அதுவே ஒரு குற்றம், பயணிகூட ஓடும் காரில் புகைக்கக் கூடாது. இல்லினாய்ஸில் குழந்தைகளால் திறக்க முடியாத, வாசனை வெளியே வராத, மூடிய டப்பாவில், கைக்கு எட்டாத இடத்தில் இருக்க வேண்டும். அந்த வாசனை விஷயத்தில் 2024-இல் இல்லினாய்ஸ் உச்ச நீதிமன்றம் இரண்டு தீர்ப்புச் சொன்னது: எரிந்த கஞ்சா வாசனை மட்டும் வந்தால் அதை வைத்துக் காரைச் சோதிக்க முடியாது, எரியாத பச்சைக் கஞ்சா வாசனை வந்தால் சோதிக்கலாம். விசித்திரமாகத் தோன்றும், ஆனால் காரணம் அந்த டப்பா விதிதான், வாசனை வராத டப்பாவில் இருக்க வேண்டியது வாசனை வந்தால் விதி மீறப்பட்டிருக்கிறது என்பது நீதிமன்றத்தின் வாதம். நியூயார்க்கில் 2021 சட்டத்துக்குப் பிறகு வாசனை மட்டும் காரணமாகாது, ஆனால் போதையில் ஓட்டுகிறாரா என்ற விசாரணையில் அந்தப் பாதுகாப்பு குறைந்துவிடும்.

நண்பர்களை ஏற்றிக்கொண்டு போகிறவர் நீங்கள் என்றால், ஏறும்போதே கேட்டுவிடுங்கள், யாரிடமாவது இருக்கிறதா என்று. கேட்பது சங்கடமாகத்தான் இருக்கும். உங்கள் காரில் கிடைத்தால் முதல் கேள்வி உங்களிடம்தான் வரும்.

குழந்தை காரில் இருந்தால் தண்டனை வேறு தளத்துக்குப் போய்விடும். நியூயார்க்கில் 2009-இல் வந்த லியாண்ட்ரா சட்டப்படி, 15 வயது வரையுள்ள குழந்தையோடு போதையில் ஓட்டினால் முதல் தடவையே பெருங்குற்றம்.

படி 4: எல்லையும் தேசியப் பூங்காவும்

ஒரு மாநிலத்திலிருந்து இன்னொன்றுக்கு எடுத்துப் போனால் மத்தியக் குற்றம், இரண்டு பக்கமும் சட்டபூர்வம் என்றாலும். இதைச் சொன்னால் பலர் தலையாட்டுவார்கள். ஆனால் தேசியப் பூங்கா என்றால் யாருக்கும் தோன்றுவதில்லை. யோசெமிட்டி கலிபோர்னியாவுக்குள்ளேதான் இருக்கிறது, ராக்கி மலைப் பூங்கா கொலராடோவுக்குள்ளேதான், ஆனால் இரண்டும் மத்திய அரசு நிலம். நுழைவாயிலைத் தாண்டியதும் கஞ்சா கையில் இருப்பதே குற்றம். உள்ளே போதையில் ஓட்டினால் 6 மாதம் வரை சிறை, 5,000 டாலர் வரை அபராதம், வழக்கு நடப்பது மத்திய நீதிமன்றத்தில். நீண்ட வாரக் கடைசியில் பத்துப் பேர் வேன் எடுத்துக்கொண்டு போகிற இடம் அது, அதனால்தான் தனியாக எழுதுகிறேன்.

படி 5: பின்னால் நீலமும் சிவப்புமாக விளக்கு எரிந்தால்

இந்த இடத்தில் நம் ஊர்ப் பழக்கம் நம்மை மாட்டிவிடும். ஊரில் வண்டியை நிறுத்தி இறங்கி, போலீஸ்காரரிடம் நடந்துபோய்ப் பேசுவோம். இங்கே இறங்கவே கூடாது. வலது பக்கம் ஓரமாக நிறுத்துங்கள், இன்ஜினை அணையுங்கள், ராத்திரி என்றால் உள் விளக்கைப் போடுங்கள், இரண்டு கையும் ஸ்டியரிங் மேல். அவர் வந்து கேட்ட பிறகு, எடுக்கப்போகிறேன் என்று சொல்லிவிட்டு லைசென்ஸ், வண்டிப் பதிவு, இன்ஷூரன்ஸ் மூன்றையும் கொடுங்கள்.

பிறகு அந்தக் கேள்வி வரும், ரொம்பச் சாதாரணமாக, இன்றைக்கு ஏதாவது எடுத்தீர்களா என்று. பெரியவர் கேட்டால் பதில் சொல்ல வேண்டும் என்று வளர்ந்தவர்கள் நாம். “கொஞ்சம்தான், சாயங்காலம்” என்று உண்மையைச் சொல்லிவிடுவோம், அந்தப் பையனும் அப்படித்தான் சொன்னான். அது கேமராவில் பதிந்தது, டியூஐ வழக்கில் சாட்சியானது. குடியேற்றச் சட்டத்தில் இன்னும் மோசம், ஏனென்றால் தண்டனையே இல்லாவிட்டாலும் போதைப்பொருள் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகக் கணக்கில் எடுத்தால் அதை வைத்தே நுழைவை மறுக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. பொய்யும் சொல்லாதீர்கள், அது வேறு குற்றமாகலாம். மரியாதையாக, இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல விரும்பவில்லை, வக்கீலோடு பேச வேண்டும் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. அந்த வரியை வீட்டில் நாலு தடவை சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள், நடுக்கத்தில் வாயில் வராது. காரைப் பார்க்கலாமா என்று கேட்டால், சோதனைக்குச் சம்மதமில்லை என்று சொல்லலாம். அதையும் மீறிச் சோதித்தால் குறுக்கே நிற்காதீர்கள், கையை நீட்டாதீர்கள், அந்தச் சண்டை நீதிமன்றத்தில்.

இறங்கச் சொன்னால் இறங்க வேண்டும். சாலையோரச் சோதனை என்று மூன்று வரும்: பேனா முனையைக் கண்ணால் தொடர்வது, நேர்கோட்டில் ஒன்பது தடவை அடியெடுத்து வைத்து நடந்து, திரும்பி அதே மாதிரி ஒன்பது தடவை அடியெடுத்து நடப்பது, ஒற்றைக் காலில் 30 விநாடி நிற்பது. மூன்றும் மதுவுக்காக உருவாக்கப்பட்டவை. மாசசூசெட்ஸ் உச்ச நீதிமன்றம் 2017-இல், கஞ்சா விஷயத்தில் இவற்றைத் தேர்வு என்றோ தேறினார் தோற்றார் என்றோ போலீஸ்காரர் சொல்லக் கூடாது, கண்ணால் கண்டதை மட்டும் சொல்லலாம் என்று தீர்ப்பளித்தது. பெரும்பாலான மாநிலங்களில் இந்தச் சோதனைக்கு மறுக்கலாம், மறுத்ததற்காக மட்டும் லைசென்ஸ் போகாது, ஆனால் மறுத்தார் என்பதைச் சில மாநிலங்களில் நீதிமன்றத்தில் சொல்லிக்காட்டுவார்கள். உங்கள் மாநிலத்தில் எப்படி என்று இன்றைக்கே தேடிப் படித்து வையுங்கள்.

படி 6: ரத்தம் எடுப்பது

மேலே சொன்னதும் இதுவும் வேறு வேறு. லைசென்ஸ் வாங்கும்போதே, போதையில் ஓட்டியதாகக் கைதானால் பரிசோதனைக்கு ஒத்துக்கொள்கிறேன் என்று நீங்கள் சம்மதித்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. கைதான பிறகு மறுத்தால், வழக்கு என்ன ஆனாலும், லைசென்ஸ் தனியாகப் போகும், கொலராடோவில் முதல் மறுப்புக்கே ஒரு வருடம். 2016-இல் மத்திய உச்ச நீதிமன்றம், ரத்தம் எடுக்கப் பொதுவாக நீதிபதியின் வாரன்ட் வேண்டும், ரத்தம் தர மறுத்ததையே கிரிமினல் குற்றமாக்க முடியாது என்று சொன்னது. ஆனால் வாரன்ட் இப்போது போனிலேயே கிடைக்கிறது, ராத்திரி ஒரு மணிக்கும் கிடைக்கும். வாரன்ட் காட்டிய பிறகு மறுக்காதீர்கள்.

படி 7: கைதாகிவிட்டால்

முதல் வேலை, வாயை மூடிக்கொள்வது. சிறையிலிருந்து வீட்டுக்குப் பேசும் போன் பதிவாகும், அதில் நடந்ததைக் கதை சொல்லாதீர்கள். அந்நிய நாட்டவர் என்றால் உங்கள் தூதரகத்துக்குத் தகவல் சொல்லச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. வெளியே வந்ததும் கையில் கொடுத்த காகிதம் ஒவ்வொன்றையும் அன்றே படியுங்கள், ஏனென்றால் லைசென்ஸ் ரத்தை எதிர்த்து விசாரணை கேட்கும் கெடு மிகக் குறைவு: கொலராடோவில் 7 நாள், கலிபோர்னியாவில் 10, டெக்சாஸில் 15. நீதிமன்றத் தேதி இரண்டு மாதம் கழித்து இருக்கிறதே என்று சும்மா இருந்தவர்கள் இந்தக் கெடுவைக் கோட்டை விட்டிருக்கிறார்கள்.

வக்கீல் இரண்டு பேர் வேண்டும். கிரிமினல் வக்கீல் ஒருவர், குடியேற்ற வக்கீல் ஒருவர், இரண்டு பேரையும் ஒருவரோடு ஒருவர் பேச வையுங்கள். 2010-இல் மத்திய உச்ச நீதிமன்றம் சொன்ன படில்லா தீர்ப்பின்படி, குற்றத்தை ஒப்புக்கொண்டால் நாடுகடத்தல் ஆபத்து உண்டா என்று கிரிமினல் வக்கீல் உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். ஆனாலும் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். செலவு, அபராதம், நீதிமன்றம் போகச் சொல்லும் வகுப்புக்கான கட்டணம், ஏறிய இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்ந்தால் பத்தாயிரம் டாலரைச் சுலபமாகத் தாண்டும்.

கிரிமினல் வக்கீலுக்கு நல்ல முடிவு என்று தோன்றுவது நமக்கு நல்லதாக இல்லாமல் போகலாம். குற்றத்தை ஒப்புக்கொள், ஒரு வருடம் ஒழுங்காக இரு, வழக்கைத் தள்ளுபடி செய்கிறோம் என்பார்கள். மாநிலத்தின் கணக்கில் அது தண்டனையே இல்லை. குடியேற்றச் சட்டத்தின் கணக்கில், ஒப்புக்கொண்டு ஏதாவது கட்டுப்பாடும் விதித்திருந்தால் அது தண்டனைதான், பிறகு பதிவை அழித்தாலும் பொதுவாக அழியாது. டியூஐ வழக்கோடு கஞ்சா வைத்திருந்த குற்றமும் சேர்ந்திருந்தால், எதை ஒப்புக்கொள்கிறோம் என்பதில் ஒவ்வொரு சொல்லும் முக்கியம். 30 கிராமுக்குள் சொந்த உபயோகத்துக்கு ஒரே ஒருமுறை என்றால் நாடுகடத்தலிலிருந்து ஒரு விலக்கு இருக்கிறது, ஆனால் வெளியே போய் மறுபடி நுழையும்போது அதே விலக்கு அப்படியே தானாகக் கிடைக்காது.

படி 8: விசா

2015-இலிருந்து, கடந்த 5 வருடத்துக்குள் போதையில் ஓட்டியதாகக் கைது என்று தெரிந்தாலே, தண்டனைக்குக் காத்திராமல், விசாவை முன்னெச்சரிக்கையாக ரத்து செய்யும் வழக்கம் இருக்கிறது. எஃப்-1 மாணவர், எச்-1பி வேலை விசாக்காரர், அவர்களைச் சார்ந்து வந்தவர்கள், எல்லோருக்கும். மின்னஞ்சல் வந்தால் பதறாதீர்கள், ரத்தானது பாஸ்போர்ட்டில் ஒட்டிய விசா, இங்கே இருக்கும் உங்கள் அந்தஸ்து பொதுவாக அதனால் மட்டும் போய்விடாது, ஆனால் படிப்பையும் வேலையையும் தொடரலாமா என்று வக்கீலிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். மாணவர் என்றால் கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் பேசுவதற்கு முன் வக்கீலிடம் பேசுங்கள். ஆனால் வெளியே போனால் புது விசா வாங்காமல் திரும்ப முடியாது. ஊருக்கு டிக்கெட் போட்டிருந்தால் நிறுத்திவையுங்கள்.

சென்னையில் மறுபடி விசா ஒட்டும் ஸ்டாம்பிங்குக்குப் போகிறபோது, டிஎஸ்-160 என்ற விசா விண்ணப்பப் படிவத்தில், எப்போதாவது கைதானதுண்டா என்ற கேள்விக்கு ஆம் என்றுதான் போட வேண்டும், வழக்கு தள்ளுபடியானாலும். பொய் சொன்னால் அந்தப் பொய்யே நிரந்தரத் தடையாகலாம். தூதரகம் அங்கீகரித்த டாக்டரிடம் மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். அந்த டாக்டர் கஞ்சா பழக்கம் பற்றிக் கேட்பார், அங்கே சொல்வதும் விசா கோப்புக்குப் போகும், எனவே அந்தப் பரிசோதனைக்கு முன்னால் ஒரு மணி நேரம் குடியேற்ற வக்கீலுக்குச் செலவு செய்யுங்கள். கிரீன் கார்டு படிவத்திலும் குடியுரிமைப் படிவத்திலும் இதே மாதிரிக் கேள்விகள் வரும். மாநிலத்தில் சட்டபூர்வமாக இருந்தாலும் கஞ்சா உபயோகம் குடியுரிமைக்குத் தேவையான நன்னடத்தைக்கு எதிராகக் கணக்கிடப்படலாம் என்று குடியேற்றத் துறை 2019 ஏப்ரலில் எழுத்திலேயே சொல்லிவிட்டது. அதே வருடம் வந்த இன்னொரு முடிவின்படி, நன்னடத்தை பார்க்கும் காலத்துக்குள் இரண்டு டியூஐ தண்டனை இருந்தால் நன்னடத்தை இல்லை என்றே தொடங்குவார்கள், இருக்கிறது என்று நிரூபிப்பது உங்கள் பொறுப்பு.

வழக்கு முடிந்த வாரமே நீதிமன்ற எழுத்தரிடம் போய், வழக்கு எப்படி முடிந்தது என்ற தீர்ப்புப் பத்திரத்தின் சான்றிட்ட நகலை இரண்டு மூன்று வாங்கிக்கொள்ளுங்கள், கைது அறிக்கை, அபராதம் கட்டிய ரசீது, வகுப்பு முடித்த சான்றிதழ் இவற்றோடு சேர்த்து ஒரு கோப்பில் போடுங்கள். ஐந்து வருடம், பத்து வருடம் கழித்து வேறு ஊரில் இருக்கும்போது குடியுரிமை நேர்காணலில் இதைக் கேட்பார்கள், அப்போது பழைய ஊர் நீதிமன்றத்துக்குக் கடிதம் எழுதிக் காத்திருக்க நேரம் இருக்காது.